வெள்ளைக்கருவுக்குள் கரு இல்லை

கருவியல் செய்முறை வகுப்பின் முதல் நாளில் ஒரு முட்டையை உடைத்துப் பீங்கான் தட்டில் ஊற்றுவேன். "இதில் கரு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று மாணவிகளிடம் கேட்பேன். தூத்துக்குடியில் விலங்கியல் கற்பித்த காலம் முழுவதும் இந்த வழக்கத்தை நான் விட்டதில்லை. பெரும்பாலான விரல்கள் மஞ்சள் உருண்டையை நோக்கிப் போகும். ஓரிருவர் சுற்றியுள்ள வழுவழுப்பைத் தொடுவார்கள். பெயரே வெள்ளைக்கரு ஆயிற்றே!

கரு இரண்டுமே இல்லை. மஞ்சளின் மேற்பரப்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய பொட்டு ஒன்று தெரியும். சேவல் சேர்ந்து இட்ட முட்டையானால், அடை வைத்ததும் அந்தப் பொட்டுதான் குஞ்சாக வளரத் தொடங்கும். கடையில் வாங்கும் பண்ணை முட்டையிலும் அது உண்டு. சேவல் சேராததால் வளராது, அவ்வளவுதான். மஞ்சள், குஞ்சுக்கான கட்டுச்சோறு. அப்படியானால் வெள்ளை எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் மருத்துவம், சமையல், புகைப்படம், உலகின் பல மொழிகள் என்று எங்கெங்கோ கொண்டுபோய்விடும். நானும் அப்படிப் போனவள்தான். வெள்ளைக்கருவை மஞ்சளைச் சுற்றிய வெறும் நீர் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

எடையைப் பார்த்தால் அது பாதி உண்மை. வெள்ளையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர். சுமார் 10 சதவீதம் புரதம். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஒரு முட்டையின் வெள்ளையில் மூன்றரை கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கிற விதம் இருக்கிறதே, அதில்தான் வேலைப்பாடு.

கோழியின் சூலகத்திலிருந்து மஞ்சள் உருண்டை விடுபட்டு முட்டைக்குழாயில் இறங்குகிறது. மேக்னம் என்ற பகுதியைக் கடக்க அதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ஓரடி நீளமுள்ள அந்தப் பகுதியின் சுவர்தான் வெள்ளையைச் சுரந்து மஞ்சளின் மேல் போர்த்துகிறது. அடுத்த பகுதியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தங்கும்போது, ஓட்டுக்கு உட்புறம் நாம் உரித்தெடுக்கும் மெல்லிய சவ்வுகள் உருவாகின்றன. கடைசியாக ஓடு. அதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். ஓடு கட்டும் இடத்தில்தான் வெள்ளைக்குள் மேலும் நீர் இறங்கி அது பருத்து நிறைகிறது. முட்டை உருண்டு உருண்டு இறங்குவதால் மஞ்சளின் இரு முனைகளிலும் வெள்ளையின் ஒரு பகுதி முறுக்கிக்கொண்டு இழையாகிறது. உடைத்த முட்டையில் வெள்ளைச் சுருளாகத் தெரிவது அதுதான். குழம்பில் ஊற்றும்போது பலர் அதை அழுக்கென்று எடுத்துப் போடுகிறார்கள். அழுக்கே இல்லை. மஞ்சளை முட்டையின் நடுவில் நிறுத்தி வைக்கும் கயிறு அது. முட்டை எவ்வளவு புதியதோ அவ்வளவு துலக்கமாகத் தெரியும்.

வெள்ளை ஒரே திரவம் அல்ல என்பதைக் கையால் உணர வேண்டுமானால் 72 மணி நேரம் அடைகாப்புப் பெட்டியில் இருந்த முட்டையை வெதுவெதுப்பான உப்புநீரில் உடைக்க வேண்டும். நீர்த்த வெள்ளை உடனே கலைந்து போகும். கெட்டி வெள்ளை மஞ்சளை விடாது. கத்தரிக்கோலை வைத்தால் வழுக்கும், இடுக்கியால் இழுத்தால் நீளும். அதை மெல்ல ஒதுக்கிய பிறகுதான் கரு தெரியும். வடிதாள் வளையம் ஒன்றை அதைச் சுற்றிப் பதித்து, வளையத்தின் ஓரமாகவே வெட்டி, அப்படியே தூக்கினால் ரத்தக்குழாய் வலையோடு கரு கையில் வரும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும். மாணவிகள் மூச்சடக்கிப் பார்ப்பது அந்தத் துடிப்பை. நான் அவர்கள் பார்வையை ஒருமுறையாவது ஒதுக்கிய கெட்டி வெள்ளையின் பக்கம் திருப்பப் பார்ப்பேன். ஏனென்றால் முட்டையோட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. குஞ்சு மூச்சுவிட அவை வேண்டும். காற்று நுழையும் வழியில் கிருமியும் நுழையும். உள்ளே நிற்பதோ ஊட்டம் நிறைந்த மஞ்சள். கோழியின் உடல் சூடு கிருமி பெருகவும் வாகான சூடுதான். மூன்று வாரம் அந்தச் சூட்டில் கிடந்தும் முட்டை அழுகாமல் குஞ்சு பொரிகிறதென்றால் அதற்குப் பெரும் காரணம் நடுவில் நிற்கும் இந்த வெள்ளை.

முதலில் அதன் காரத்தன்மை. இட்ட உடனே வெள்ளையின் பி.எச். 7.6 அளவில் இருக்கும். துளைகள் வழியே கரியமில வாயு வெளியேற வெளியேறச் சில நாட்களில் 9-ஐத் தாண்டிவிடும். அந்தக் காரத்தில் பல பாக்டீரியாக்களால் தழைக்க முடியாது. (புது முட்டையை அவித்தால் ஓடு தனியாக வராமல் வெள்ளையோடு பிய்ந்து வருவதற்கும் இதுவே காரணம். காரம் குறைவாக இருக்கும்போது வெள்ளை சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அவிக்க நாலைந்து நாள் ஆன முட்டைதான் நல்லது.)

அடுத்தது லைசோசைம். இதைக் கண்டறிந்தவர் பென்சிலினைத் தந்த அதே அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினுக்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1921-இல், லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், சளி பிடித்திருந்த தன் மூக்கின் சளியையே பாக்டீரியா வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தில் பாக்டீரியாக்கள் கரைந்து போயின. கண்ணீரிலும் எச்சிலிலும் அதே பொருள் இருந்தது. முட்டையின் வெள்ளையில் அது ஏராளமாக இருந்தது. பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் நொதி அது. 1965-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஒரு நொதியின் முப்பரிமாண வடிவத்தை உலகில் முதன்முதலாகக் கண்டபோது, அவர்கள் எடுத்துக்கொண்டது கோழிமுட்டை வெள்ளையின் லைசோசைம்தான். நொதி எப்படி வேலை செய்கிறது என்று இன்று பாடநூலில் வரையும் படத்துக்குப் பின்னால் நம் வீட்டு முட்டை நிற்கிறது.

இன்னொரு புரதம் இரும்பைக் கவ்விக்கொள்ளும். பெயர் ஓவோடிரான்ஸ்ஃபெரின். பாக்டீரியா பெருகுவதற்கு இரும்பு வேண்டும். வெள்ளையில் கிடைக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் இது பிடித்து வைத்துக்கொள்வதால் நுழைந்த கிருமி பட்டினி கிடக்கும். 1944-இல் ஷேடும் கரோலினும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது: பச்சை வெள்ளையில் வளர மறுத்த நுண்ணுயிர்கள், இரும்பைச் சேர்த்ததும் வளர்ந்தன.

மூன்றாவது புரதம் அவிடின். வெள்ளையிலுள்ள புரதத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் விடாது. உயிரியலில் நாம் அறிந்த மிக உறுதியான பிடிப்புகளில் அது ஒன்று. 1927-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் மார்கரெட் போவாஸ், எலிகளுக்குப் பச்சை வெள்ளையைப் புரத உணவாகக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கு முடி கொட்டியது, தோல் புண்ணானது. அவித்த வெள்ளையைக் கொடுத்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைட்டமினைக் கவ்வும் அவிடின்தான் காரணம் என்பது 1940-களில் தெளிவானது. சூடு பட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதைப் பார்த்தால் நான் நிறுத்திச் சொல்லாமல் போவதில்லை. ஒன்றிரண்டு முட்டையால் பயோட்டின் குறைந்துவிடாது. நாள்தோறும் நிறையக் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. பெல்ஜியத்தின் லூவனில் 1998-இல் நடந்த ஆய்வில், அவித்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு செரித்தது. பச்சை முட்டையில் பாதிதான் செரித்தது. காசு கொடுத்து வாங்கிய முட்டையில் பாதிப் புரதத்தை ஏன் விட வேண்டும்? சால்மோனெல்லா பயமும் பச்சை முட்டையோடு சேர்ந்தே வரும்.

அதே மூச்சில் இன்னொன்று. எங்கள் பக்கம் கையில் எண்ணெய் தெறித்தால் முட்டையை உடைத்து ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. முறிந்த எலும்புக்கு வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பற்றுப் போடுவது வேறு. காய்ந்ததும் இறுகும் என்பதால் அந்தக் கைவைத்தியத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் வெந்து திறந்த தோலில் பச்சை முட்டை படக் கூடாது. கிருமி நுழையும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவு காவல் காத்த வெள்ளை பிறகு என்ன ஆகிறது? குஞ்சே அதைக் குடித்துவிடுகிறது. அடைகாத்த 12-ஆம் நாளுக்குப் பிறகு, கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் வெள்ளை ஒரு திறப்பின் வழியே இறங்கத் தொடங்கும். வாய் உருவாகிவிட்ட கரு அதை விழுங்கும். பொரிவதற்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போது வெள்ளை ஏறக்குறைய தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளைக் குஞ்சு கடைசியில் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு 21-ஆம் நாள் வெளியே வருகிறது. பொரித்த குஞ்சைத் தீனி இல்லாமல் பெட்டியில் அடுக்கிப் பண்ணைகள் வெளியூருக்கு அனுப்ப முடிவது அந்த மஞ்சளின் தயவால். வெள்ளையின் தயவு அதற்கும் முன்னாலேயே குஞ்சின் தசையாகியிருக்கும்.

இனி பெயருக்கு வருகிறேன். பச்சை வெள்ளைக்கருவைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அது வெள்ளை இல்லை. நிறமற்றது, உற்றுப் பார்த்தால் மிக லேசான பச்சை கலந்த மஞ்சள் தெரியும். ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினின் நிறம் அது. அது வெள்ளையாவது அடுப்பில்தான். புரதம் என்பது நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடக்கும் நீண்ட இழை. சூடு பட்டால் கண்டு அவிழும். அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகி, தண்ணீரை உள்ளே பிடித்துக்கொண்டு, ஒளியைச் சிதறடிக்கும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். வெள்ளையின் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் இறுக 80 டிகிரி வேண்டும். அரைவேக்காட்டு முட்டையில் வெள்ளை தளதளவென்று நிற்பது இந்த இடைவெளியால். பெங்குவின் முட்டையை எவ்வளவு அவித்தாலும் வெள்ளை கண்ணாடி போலவே இருக்கும். அதன் புரதக் கலவை வேறு. பெங்குவின் முட்டை தின்று வளர்ந்த மனிதக் கூட்டம் ஏதேனும் இருந்திருந்தால் அவர்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்களோ! தமிழில் வெள்ளைக்கரு, லத்தீனில் வெண்மையிலிருந்து ஆல்புமென், சீனத்திலும் ரஷ்யத்திலும் வெள்ளையை வைத்தே பெயர். அடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை என்பது என் எண்ணம்.

அந்த ஆல்புமெனிலிருந்துதான் இன்று ஆய்வகச் சீட்டில் நாம் பார்க்கும் ஆல்புமின் வந்தது. "யூரின்ல ஆல்புமின் போகுது" என்று மருத்துவர் சொன்னால், முட்டை சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டு முட்டையை நிறுத்தியவர்களை நான் அறிவேன். அது நம் கல்லீரல் செய்து ரத்தத்தில் ஓடவிடும் புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் கசிகிறது. முட்டையின் பெயர் அதற்கு ஒட்டியதற்குக் காரணம், சூடாக்கினால் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்து இறுகுவதுதான். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பார்த்தார். அது முட்டை வெந்ததுபோல் திரிந்தது. வீக்கத்துக்கும் அந்தத் திரிதலுக்கும் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை அவர் 1827-இல் எழுதினார். சோதனைக் குழாயின் மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்டி, மேலே கலங்கல், கீழே தெளிவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை நம் ஊர் ஆய்வகங்களிலும் நெடுங்காலம் இருந்தது. இப்போது தாள் பட்டையின் நிறமாற்றம் போதுமானதாகிவிட்டது.

புரதம் என்ற கருத்தே வெள்ளைக்கருவின் தோளில் ஏறி வந்தது. 18-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர்கள் ரத்தத்திலும் தாவரச் சாற்றிலும் சூட்டில் இறுகும் பொருளைக் கண்டால் "முட்டை வெள்ளை போன்றது" என்று வகைப்படுத்தினார்கள். 1838-இல் டச்சு வேதியியலாளர் ஹெரார்டஸ் முல்டர் முட்டை வெள்ளை, ரத்தம் முதலியவற்றின் இப்பொருள்களைப் பகுத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே என்று முடிவு கட்டினார். அதற்குப் பெயர் சொல்லிக் கடிதம் எழுதியவர் சுவீடனின் பெர்செலியுஸ். முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து புரோட்டீன். ஒரே அடிப்படை என்ற முல்டரின் முடிவு நிற்கவில்லை; பெயர் நின்றது. நம் புரதமும் அதன் ஒலியைத் தழுவியதே.

வியப்பு என்னவென்றால், முல்டரின் சொந்த நாட்டில் மக்கள் அந்தப் பெயரை அன்றாடப் பேச்சில் எடுத்துக்கொள்ளவில்லை. டச்சு மொழியில் புரதத்துக்கு இன்றும் 'ஐவிட்' என்றுதான் பெயர். அதாவது முட்டை வெள்ளை. மகளைப் பார்க்க ஐந்தோவன் போயிருந்தபோது, அவள் குடியிருப்பைச் சேர்ந்த, முட்டை சாப்பிடாத ஒரு மாமி, கடையில் 'ஐவிட்' என்று அச்சிட்ட கொண்டைக்கடலை டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைப்பதைப் பார்த்தேன். டச்சு வகுப்பில் 'ஐ' முட்டை என்றும் 'விட்' வெள்ளை என்றும் கற்றிருந்தார். "கடலையில ஏன் முட்டையைச் சேர்க்கிறா?" என்று வருத்தப்பட்டார். சேர்க்கவில்லை மாமி, இது கடலையின் புரதம் என்று முல்டர் கதையைச் சொன்ன பிறகே டப்பா கூடைக்குள் வந்தது. ஜெர்மானியர்களின் 'ஐவைஸ்', ரஷ்யர்களின் 'பெலோக்' எல்லாம் இதே வழி. சீனர்களும் ஜப்பானியர்களும் புரதத்தை 'முட்டை வெள்ளைப் பொருள்' என்கிறார்கள். பருப்பிலும் பாலிலும் நம் தலைமுடியிலும் இருப்பதைச் சொல்ல உலகின் பாதி, கோழிமுட்டையை உடைத்துக் காட்டுகிறது.

தாவரவியலுக்குள்ளும் அது நுழைந்தது. விதைக்குள் முளைக்குத் துணையாக இருக்கும் சேமிப்பு உணவை முந்தைய தாவரவியலாளர்கள் ஆல்புமென் என்றார்கள். நெல்லும் ஆமணக்கும் ஆல்புமின் உள்ள விதை, அவரை அது இல்லாத விதை என்று நான் படித்த பாடத்தில் இருந்தது. தேங்காயின் பருப்பும் இளநீரும் அந்தக் கணக்கில் தேங்காயின் வெள்ளைக்கரு. முளை எதைக் குடித்து வளர்கிறது என்று பார்த்தால் அந்தப் பழைய பெயர் எனக்குப் பிடித்தமானது.

புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1850-இல் பிரான்சின் பிளாங்கார்ட்-எவ்ரார் உப்புக் கலந்த வெள்ளைக்கருவைத் தாளில் பூசி, அதை வெள்ளி நைட்ரேட்டில் நனைத்துப் படம் அச்சிடும் முறையைக் கொண்டுவந்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதி நெருங்கும்வரை உலகின் படங்களில் பெரும்பகுதி இப்படி அச்சானதே. டிரெஸ்டன் நகரின் ஒரு தொழிற்சாலை 1888-ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இதற்காக உடைத்தது. எட்மண்ட் லயன் 1867-68-இல் எடுத்த மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் கோயில் படங்களைப் பார்க்கும்போது, அந்தக் கோபுரங்கள் முட்டை வெள்ளையின் மெல்லிய படலத்தில் தங்கியிருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பளபளக்கும் சுவர்களும் சுண்ணாம்போடு வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியவை. நூறாண்டுக்குப் பிறகும் அவற்றைத் துடைத்தால் போதும், வெள்ளையடிக்க வேண்டாம்.

எங்கள் ஊருக்கு வெள்ளைக்கரு மக்ரூனாக வாய்த்தது. முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் அதில் உள்ளவை. எனக்குப் பழக்கமான பேக்கரி ஒன்றில் வேலை நடக்கும்போது நின்று பார்த்திருக்கிறேன். அடிக்க அடிக்க, காற்று பட்ட இடமெல்லாம் புரத இழைகள் அவிழ்ந்து குமிழைச் சுற்றி வளைக்கின்றன. சூடே இல்லாமல் வெறும் காற்றாலேயே வெள்ளை வெள்ளையாகிறது. சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். நுரை பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்த பிறகு முந்திரித் தூளைத் தூவி, குமிழ் உடையாமல் கையால் புரட்டி, தாள் கூம்பில் அடைத்துக் கூர்முனையாகப் பிழிகிறார்கள். மிதமான அடுப்புச் சூட்டில் அது வேகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே சரி.

"முட்டையைப் பிரிக்கிறதுதான் வேலையே டீச்சர்" என்றார் மாஸ்டர் அண்ணாச்சி. "ஒரு சொட்டு மஞ்சக்கரு விழுந்தாலும் போச்சு, பொங்காது."

கொழுப்பு குமிழின் சுவருக்குள் புகுந்து புரத இழைகளைச் சேரவிடாமல் தடுக்கிறது என்று நான் விளக்கினேன். அவர் கை நிற்கவில்லை. ஓட்டின் இரு பாதிகளுக்கிடையே மஞ்சளை மாற்றி மாற்றி ஊற்றி, வெள்ளை முழுவதும் வழிந்த பிறகு அதைத் தனி வாளியில் நழுவவிட்டார். போர்ச்சுகலின் கன்னிமாடங்களில் இதற்கு நேர்மாறாக நடந்ததை அவரிடம் சொன்னேன். அங்கே வெள்ளையைத் துணிக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளியவைக்கவும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சளில் இனிப்புகள் செய்தார்கள். "அப்ப உங்க வாளி மஞ்சக்கரு எங்க போகுது அண்ணாச்சி?" என்றேன்.

"கேக்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுவோம். மிச்சத்தை ஓட்டல்காரங்க சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போயிருவாங்க" என்றபடி அடுத்த முட்டையைத் தட்டினார்.